பழைய கார்வெட்டின் பவர் ஸ்டியரிங் கசிவை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

1969ஆம் ஆண்டின் செவ்ரலே கார்வெட் ஒன்றை வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "காரின் முன்பகுதிக்குக் கீழே சிவப்பு எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பவர் ஸ்டியரிங் பம்ப், கண்ட்ரோல் வால்வு, சிலிண்டர் மூன்றையும் புதிதாக வாங்க வேண்டுமா, அல்லது இருப்பவற்றையே வீட்டில் பிரித்து சீல்களை மாற்றிக்கொள்ளலாமா?"

மாற்றிக்கொள்ளலாம் என்பதே என் பதில். ஸ்பேனரையும், இறுகிய பாகங்களை இழுத்துக் கழற்றும் புல்லரையும் பழகிய கை, சுத்தமான ஒரு மேசை, அவசரமில்லாத இரண்டொரு விடுமுறை நாட்கள் ஆகியவை இருந்தால் இம்மூன்றையும் வீட்டு கராஜிலேயே சீரமைத்துவிட முடியும். ஆனால் பழைய ரப்பரை எடுத்துவிட்டுப் புதிய ரப்பரை வைப்பது இந்த வேலையின் சிறிய பகுதிதான். கசிவு உண்மையில் எங்கே தொடங்குகிறது என்று கண்டறிவதும், சீல் உரசுகிற உலோகப் பரப்பு இன்னும் நல்ல நிலையில் இருக்கிறதா என்று தீர்மானிப்பதும், கடைசியில் வால்வைச் சமநிலைக்குக் கொண்டுவருவதும்தான் அந்த வேலை பல ஆண்டுகள் நிற்குமா, அடுத்த கோடைக்குள் மறுபடி சொட்டுமா என்பதை முடிவு செய்கின்றன. அதனால் அந்த மூன்றைப் பற்றியே அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். 1962 வரை வந்த கார்வெட்டுகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. 1963இல் ஸ்டிங் ரே என்ற புதிய கார்வெட் வந்தபோது அது கூடுதல் விலைக்குக் கிடைக்கும் விருப்பப் பொருளாக அறிமுகமாகி, 1977இல் எல்லாக் கார்களிலும் இடம்பெற்று, 1982 வரை ஏறக்குறைய அதே வடிவத்தில் தொடர்ந்தது. ஸ்டியரிங் பெட்டி சாதாரணமான, எண்ணெய் அழுத்தம் எதுவும் நுழையாத பெட்டி. உதவி முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது. எஞ்சினின் பெல்ட்டால் சுழலும், ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு செய்த பம்ப் எண்ணெயை அழுத்துகிறது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து வரும் நெம்புகோலான பிட்மேன் ஆர்மின் முனையில், இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ரிலே ராடின் மேல் திருகப்பட்டிருக்கும் கண்ட்ரோல் வால்வு அந்த எண்ணெயை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. சேஸிஸுக்கும் ரிலே ராடுக்கும் நடுவே பொருத்தப்பட்ட சிலிண்டர் சக்கரங்களைத் தள்ளவோ இழுக்கவோ செய்கிறது. பம்பிலிருந்து வால்வுக்கு அழுத்தக் குழாய் ஒன்றும் திரும்பு குழாய் ஒன்றும், வால்விலிருந்து சிலிண்டருக்கு இரண்டு குழாய்களுமாக மொத்தம் நான்கு ஹோஸ்கள். 1965 முதல் 1970 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கிலும் இதே வகை ஏற்பாடுதான் இருந்தது. பாகங்களின் உள்விவரங்கள் வேறுபடும் என்றாலும், கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பிட்மேன் ஆர்ம் வால்வுக்குள் இருக்கும், பந்து முனை கொண்ட பால் ஸ்டட்டைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் உள்ளே இருக்கும் ஸ்பூல் எனும் உருளைத் தண்டு நடுநிலையிலிருந்து மிகச் சிறிதளவே நகர்ந்து, சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு அழுத்தத்தையும் மறுபக்கத்துக்குத் திரும்பும் வழியையும் திறந்துவிடுகிறது. கையை எடுத்ததும் நடுவே உள்ள ஸ்பிரிங் ஸ்பூலை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருகிறது. இந்தச் சிறு அசைவில்தான் முழு அமைப்பின் குணமும் அடங்கியிருக்கிறது. இணைப்பு முழுவதும் இரும்பாலேயே ஆனதால், எண்ணெய் முற்றிலும் தீர்ந்துபோனாலும் காரைத் திருப்ப முடியும். திருப்புவது கடினமாகும், அவ்வளவே. அதற்காகக் கசிவை அலட்சியப்படுத்தக் கூடாது. சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழும் எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது. எண்ணெய் வற்றிய நிலையில் ஓடும் பம்ப் தன் உட்பாகங்களைத் தானே அரைத்துக்கொண்டு, அந்த உலோகத் துகள்களை வால்வுக்கும் அனுப்பிவைக்கும்.

இனி கசிவைத் தேடுவது. தரையில் சொட்டு விழும் இடம் கசிவு தொடங்கும் இடமாக இருப்பது அபூர்வம். பம்பின் பின்னால் ஈரமாகும் எண்ணெய் ஹோஸ் வழியாக இறங்கி வால்வின் அடியில் வந்து சொட்டும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கித் தள்ளி, சிலிண்டர் முழுவதையும் நனைத்துவிடும். அதைப் பார்த்து மூன்றையும் கழற்றியவர்கள் பலர். எனவே எல்லாவற்றையும் கிரீஸ் நீக்கும் திரவத்தால் கழுவி, நன்றாக உலரவிட்டு, சந்தேகமுள்ள இணைப்புகளின் மேல் டால்கம் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, உதவியாளர் ஒருவர் ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பட்டும். வெள்ளைப் பவுடரில் முதலில் எங்கே கறை தோன்றுகிறதோ அதுவே மூலம். புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்து தேடுவது இன்னும் நம்பகமான முறை. எண்ணெயின் நிறமும் துப்பு தரும்: உங்கள் காரில் சொட்டுவது சிவப்பாக இருப்பதால் அது ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார் என்றால் டிரான்ஸ்மிஷனிலிருந்து ரேடியேட்டருக்குச் செல்லும் குளிர்விப்புக் குழாய்களையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அங்கும் ஓடுவது அதே சிவப்பு எண்ணெய்தான். கசிவைத் தேடும்போது ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். பம்பின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டை ஒட்டி இருக்கும். ஊசி முனை போன்ற ஒரு துளையிலிருந்து அந்த அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்தக் காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு ஆபத்தானது. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு பாகமும் கசியும் விதம் தனியானது. பம்பில் மூன்று இடங்கள்: புல்லிக்குப் பின்னால் உள்ள தண்டு சீல், எண்ணெய்த் தொட்டியும் பம்பின் உடலும் சேரும் இடத்தில் உள்ள பெரிய ரப்பர் வளையம் (ஓ-ரிங்), பின்புறத்தில் அழுத்தக் குழாய் திருகப்படும் இணைப்பும் அதன் அருகிலுள்ள ஸ்டட்களும். புல்லிக்குப் பின்னாலிருந்து எண்ணெய் வட்டமாகச் சிதறியிருந்தால் தண்டு சீல்தான் காரணம். சிலிண்டரில் ராட் வெளியே வரும் முனைதான் முதல் சந்தேகம். வால்வில் ஒரு நுட்பம் இருக்கிறது. பால் ஸ்டட் இருக்கும் அறையில் கிரீஸ் மட்டுமே இருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள ரப்பர் உறையிலிருந்து (பூட்) சிவப்பு எண்ணெய் வழிந்தால், கெட்டது அந்தப் பூட் அல்ல, உள்ளே ஸ்பூல் பகுதியையும் பால் ஸ்டட் பகுதியையும் பிரிக்கும் சீல். அந்த உறையை மட்டும் மாற்றினால் சில நாட்களில் அதே இடத்திலிருந்து அதே எண்ணெய் வரும். எதிர் முனையில் உள்ள சிறிய தூசு மூடியிலிருந்து எண்ணெய் வந்தால், அந்தப் பக்கத்து சீல் கெட்டிருக்கிறது என்று பொருள்.

இவை ஏன் கசிகின்றன? அக்கால சீல்கள் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. சூட்டிலும் வயதிலும் அந்த ரப்பர் இறுகி, நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடுகிறது. உதட்டின் மென்மை போய்விட்டால் தண்டின் மேல் அழுந்தி நிற்காது. மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் கார்களில் இது விரைவாகவே நேர்கிறது. சிலிண்டரின் ராடில் எப்போதும் ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். குளிர்காலத்தில் ஈரமான கராஜில் நிற்கும்போது அந்தப் பகுதியில் துருப்புள்ளிகள் தோன்றுகின்றன. வசந்தத்தில் முதல் முறை ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தப் புள்ளிகள் சீலுக்குள் இழுக்கப்பட்டு அதன் உதட்டைக் கிழிக்கின்றன. கசிவை நிறுத்தும் என்று விற்கப்படும் கலவைகள் ரப்பரை ஊதவைத்துத் தற்காலிகமாக அடைப்பவை. ஊதிய ரப்பர் நாளடைவில் இளகிவிடும் என்பதால், பிரித்துச் சீரமைக்க முடிவு செய்த காரில் அவற்றை ஊற்றுவதை நான் ஏற்பதில்லை. அதைவிட மோசமானது, அவசரத்துக்கு பிரேக் எண்ணெயை ஊற்றுவது. கிளைக்கால் அடிப்படையிலான பிரேக் எண்ணெய் நைட்ரைல் சீல்களைக் கெடுத்துவிடும். ஒருமுறை கலந்துவிட்டால் முழு அமைப்பையும் வடித்துக் கழுவி எல்லா சீல்களையும் மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பாகங்களைக் கழற்றும் முன் காரின் முன்பகுதியைச் சேஸிஸின் கீழ் ஜாக் ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சி எடுத்துவிட்டு, திரும்பு குழாயைக் கழற்றி மீதியை வடியுங்கள். வடிந்த எண்ணெயைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள்: பளபளக்கும் துகள் தெரிந்தால் பம்பின் உள்ளே தேய்மானம் இருக்கிறது, ரப்பரின் கருந்துகள் மிதந்தால் ஹோஸ்கள் உள்ளிருந்து உதிர்கின்றன. ஹோஸ் நட்களுக்கு, நட்டைப் பெரும்பாலும் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் நட் ஸ்பேனர் மட்டுமே. சாதாரண ஸ்பேனர் அந்த மென்மையான நட்டின் மூலைகளை உருட்டிவிடும். ஐம்பது ஆண்டுக் கார் என்பதால் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி வையுங்கள். பால் ஸ்டட்டைப் பிட்மேன் ஆர்மிலிருந்து பிரிக்க அதற்கான புல்லரையே பயன்படுத்த வேண்டும். கவை வடிவ ஆப்பை அடித்து ஏற்றினால் பூட் கிழியும்.

வால்வு ரிலே ராடின் மேல் திருகப்பட்ட பாகம். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி அதைச் சுழற்றிக் கழற்றும் முன், வால்வின் மீதுள்ள ஒரு நிலையான புள்ளியிலிருந்து ரிலே ராடில் டை ராட் (சக்கரத்துக்குச் செல்லும் கம்பி) மாட்டும் துளையின் மையம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்பதையும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. இந்த அளவு மாறினால் நேராக ஓடும்போது ஸ்டியரிங் வட்டு கோணலாக நிற்கும்.

மேசையில் வெள்ளைத் துணியை விரித்து, கழற்றும் ஒவ்வொன்றையும் கழன்ற வரிசையிலும் திசையிலும் அடுக்கி, ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தூசு மூடியை நீக்கினால் உள்ளே சமநிலை நட் தெரியும். அதைக் கழற்றி, ஸ்பூல் இருக்கும் உடலையும் பால் ஸ்டட் இருக்கும் உடலையும் இணைக்கும் போல்ட்களை நீக்கினால் வால்வு இரண்டாகப் பிரியும். ஸ்பூலை வெளியே தள்ளும்போது இழுபறி இருந்தால் நிறுத்திவிடுங்கள். அது சாய்ந்து மாட்டியிருக்கும். மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பின்னுக்கு இழுத்து நேராக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். ஸ்பூலும் அது ஓடும் துளையும் ஒன்றுக்கொன்று பார்த்துச் சேர்க்கப்பட்டவை. இன்னொரு வால்வின் ஸ்பூலைக் கடன் வாங்கி இதில் போடக் கூடாது. ஸ்பூலின் விளிம்புகள் கூர்மையாகவே இருக்க வேண்டும், எண்ணெயின் வழியைத் துல்லியமாகத் திறந்து மூடுவது அந்த விளிம்புகள்தான். உப்புத்தாளால் தேய்த்து அவற்றை உருட்டிவிட்டால் வால்வு உள்ளுக்குள்ளேயே கசியத் தொடங்கும். அதை எந்த சீலாலும் தடுக்க முடியாது. சிறு பிசிறு இருந்தால் மிக நுண்ணிய மெருகுத்துணியால் அந்த இடத்தை மட்டும் தொட்டு எடுக்கலாம். கழுவி எண்ணெய் பூசிய ஸ்பூல், துளைக்குள் தன் எடையிலேயே மெல்ல நழுவி இறங்க வேண்டும். விரல் நகத்துக்குத் தட்டும் ஆழத்தில் கீறல் இருந்தால் அந்த உடலைக் காப்பாற்ற முடியாது. அப்போது மட்டும் மாற்று வால்வைத் தேடுங்கள்.

சீல்களைப் பழைய இடத்தில், பழைய திசையில் வைப்பது முக்கியம். உதடு உள்ள எந்த சீலுக்கும் உதடு அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாற்று சீல்கள் அடங்கிய கிட்டில் வரும் ரப்பர் எல்லாவற்றையும் பொருத்தும் முன் நிரப்பப் போகும் அதே எண்ணெயில் நனையுங்கள். வெறும் ரப்பரை உலோகத்தின் மேல் தள்ளினால் மடங்கிக் கிழியும். பால் ஸ்டட் பக்கத்தில் தேய்ந்த பந்தையும் அதன் இருக்கைகளையும் மாற்றிவிட்டு, முனைப் பிளக்கை இறுகும் வரை திருகி, பிறகு அது நழுவாமல் பூட்டும் காட்டர் பின்னுக்கான வெட்டு நேராக வரும் வரை மட்டும் தளர்த்திப் பூட்ட வேண்டும். இங்கே அதிகம் தளர்த்தினால் ஸ்டியரிங்கில் ஆட்டம் வரும். சாலையில் அங்குமிங்கும் அலையும் பழைய கார்வெட்டுகளில், குற்றவாளி ஸ்டியரிங் பெட்டி என்று எண்ணி அதைத் திருகித் திருகிக் கெடுத்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தப் பந்தின் தேய்மானமே காரணமாக இருந்த கார்கள் நிறைய.

ஹோஸ் நட் உட்காரும் பித்தளை இருக்கைகளையும் பாருங்கள். பல ஆண்டுகள் கசியும் ஹோஸை மேலும் மேலும் இறுக்கியதால் அவற்றில் வெடிப்போ ஆழமான வடுவோ விழுந்திருக்கும். வால்வின் எல்லா சீல்களையும் மாற்றிய பிறகும் அதே துளைகளில் ஈரம் தெரிந்தால் அதற்கு இந்த இருக்கைகளே காரணம். அவற்றை மாற்றும் வழியைச் செவ்ரலேயின் பழுதுநீக்கக் கையேடே சொல்கிறது: இருக்கையின் துளையில் 5/16-18 அளவு (5/16 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 18 மரை) மரை வெட்டும் கருவியான டேப்பால் மரை வெட்டி, நட்டும் வாஷரும் கோத்த போல்ட்டைத் திருகி, போல்ட் சுழலாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினால் இருக்கை மேலே ஏறி வந்துவிடும். டேப் அதிக ஆழம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய துகள் ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது.

அடுத்தது சிலிண்டர். இதில் வீட்டில் செய்யக்கூடியது ராட் முனையின் சீல்களை மாற்றுவது மட்டும்தான். உள்ளே இருக்கும் பிஸ்டனின் சீலைத் தொட முடியாதபடி உடல் மூடப்பட்டிருக்கிறது. எனவே கிட் வாங்கும் முன்பே பிஸ்டனைச் சோதித்துவிடுங்கள். சிலிண்டரை எண்ணெயால் நிரப்பி, ராட் பக்கத்துத் துளையை இறுக அடைத்து, மறு துளையைத் திறந்துவைத்து, ராடை வெளியே இழுங்கள். கையில் கெட்டியாகத் தடுக்க வேண்டும். மெல்ல நழுவி வந்தால் பிஸ்டனைத் தாண்டி எண்ணெய் போகிறது. அந்தச் சிலிண்டரை மாற்றுவதே சரி. சோதனையில் தேறினால் ராடை முழுவதும் வெளியே இழுத்து, நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள், நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். குரோம் பூச்சு வழுவழுப்பாக இருந்தால் துணிந்து சீல் போடலாம். மேலோட்டமான கறையை மெருகுத்துணியால் துடைத்து எடுக்கலாம். நகம் தடுக்கும் துருக்குழி இருந்தால் புதிய சீலைப் போடுவதில் பயனில்லை. அந்தக் குழியின் விளிம்பு ஒவ்வொரு திருப்பத்திலும் சீலைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடும். பலர் இந்த இடத்தில்தான் மனதைத் தேற்றிக்கொண்டு கிட்டைப் பொருத்திவிடுகிறார்கள். கிட் சில பத்து டாலர்கள்தான் என்றாலும், எல்லாவற்றையும் மறுபடி கழற்றி மாட்டும் உழைப்பைக் கணக்கிட்டால் அது மலிவான முடிவு அல்ல.

சீலை எடுக்க, முனையில் உள்ள பிடிவளையத்தை (சர்க்ளிப்) நீக்கி, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு ராடை இழுத்தால் உள்ளே மிஞ்சிய எண்ணெயின் அழுத்தமே துடைப்பானையும் வாஷரையும் சீலையும் வெளியே தள்ளிவிடும். எண்ணெய் பீய்ச்சக்கூடும் என்பதால் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கூர்மையான ஆணியால் குத்தி எடுக்க முயன்றால் ராடின் குரோமில் கீறல் விழும். புதிய சீலை ஏற்றும்போது ராட் முனையின் மரைகளின் மேல் மெல்லிய நாடாவைச் சுற்றி எண்ணெய் தடவுங்கள். மூடாத மரை, சீலின் உதட்டை முதல் நொடியிலேயே வெட்டிவிடும். அந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாது.

பம்பைப் பொறுத்தவரை, புல்லியை எடுப்பதில் கவனம் தேவை. உங்கள் காலத்துப் பம்புகளில் புல்லி, சாவிக்கட்டையும் நட்டும் கொண்டு தண்டில் நிற்கும். பிற்காலப் பம்புகளில் அது அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், அதற்குத் தனிப் புல்லர் வேண்டும். எந்த வகையானாலும் சுத்தியலால் தட்டிக் கழற்றவோ ஏற்றவோ கூடாது, அந்த அடி உள்ளே உள்ள தகடுகளைச் சிதைத்துவிடும். பின்புறத்து ஸ்டட்களையும் அழுத்த இணைப்பையும் கழற்றியதும், அந்த இணைப்புக்குப் பின்னாலிருந்து ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வும் அதன் ஸ்பிரிங்கும் வெளியே வரும். எந்த முனை முன்னால் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியை மென்மையான சுத்தியலால் விளிம்பில் மாறி மாறித் தட்டினால் பெரிய ஓ-ரிங்கின் பிடியிலிருந்து விடுபடும்.

தண்டு சீல் மட்டும் கெட்டிருந்தாலும் தண்டை வெளியே எடுத்துவிட்டு மாற்றுவதே பாதுகாப்பான முறை என்று கருதுகிறேன். அதற்குப் பின்புறத் தகட்டைப் பிடித்திருக்கும் வளையத்தை நீக்க வேண்டும். பம்பின் உடலில், ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வுக்கு எதிர்ப் பக்கத்தில் 1/8 அங்குலத் துளை ஒன்று இருக்கும். அதில் பஞ்ச் எனும் மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்து வளையத்தை உள்நோக்கித் தள்ளினால் திருப்புளியால் நெம்பி எடுத்துவிடலாம். பின் தகடு, ஸ்பிரிங், அழுத்தத் தகடு, பம்பின் உள்வளையம், ரோட்டர், அதன் பள்ளங்களில் ஓடும் பத்துச் சிறு இலைகள் என்று வரிசையாக வெளிவரும். இலைகளின் உருண்ட விளிம்பு வெளிப்புறம், அதாவது உள்வளையத்தைப் பார்த்து, இருக்க வேண்டும். இலைகள் பள்ளங்களில் தடையின்றி ஓடுகின்றனவா, உள்வளையத்தின் உட்சுவரில் அலையலையான தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். உடலுக்குள் ஒட்டியிருக்கும் சிறிய காந்தத்தில் உலோகத் தூள் படிந்திருக்கும்; துடைத்துவிட்டுத் திரும்ப வையுங்கள். தண்டில் சீல் உரசிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், முன்பு ராடுக்குச் சொன்ன அதே நியாயம்தான்: தண்டையும் மாற்றாமல் புதிய சீல் நிற்காது. புதிய சீலை அதன் வெளிவிட்டத்துக்குச் சற்றே சிறிய சாக்கெட்டை வைத்து நேராக, கோணலின்றி இறக்குங்கள்.

ஹோஸ்கள் பழையவை என்றால் நான்கையும் மாற்றிவிடுங்கள். இதில் தயங்க எதுவும் இல்லை. அழுத்தக் குழாய்க்கு வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே188 தரமும், திரும்பு குழாய்க்கு ஜே189 தரமும் கேட்டு வாங்க வேண்டும். ஹீட்டர் ஹோஸை வெட்டித் திரும்பு குழாயாகப் போட்டிருக்கும் கார்கள் இன்றும் ஓடுகின்றன. தண்ணீருக்காகச் செய்யப்பட்ட அந்த ரப்பர், சூடான எண்ணெயில் உள்ளிருந்து ஊதி உதிர்ந்து, நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த ஸ்பூலுக்குள் போய்ச் சேரும்.

எல்லாவற்றையும் மாட்டியாயிற்று, ஆனால் சிலிண்டர் ராடைச் சேஸிஸின் பிராக்கெட்டில் இன்னும் பூட்டாதீர்கள். பலர் விட்டுவிடும் படி இங்கேதான் இருக்கிறது. வால்வைப் பிரித்துச் சேர்த்தால் ஸ்பூலின் நடுநிலை மாறியிருக்கும். அப்படியே ஓட்டினால் எஞ்சினை இயக்கியதும் ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். தொட்டியில் எண்ணெயை நிரப்பி, கராஜ் கதவைத் திறந்துவைத்து, எஞ்சினை இயக்குங்கள். கை, கருவி எதுவும் ராடின் பாதையில் இருக்கக் கூடாது. அது எதிர்பாராத வேகத்தில் நீளும். ராட் உள்ளேயே நின்றால், தூசு மூடிக்குள் இருக்கும் நட்டை வலஞ்சுழியாகத் திருப்புங்கள், ராட் வெளியே வரத் தொடங்கும் வரை. பிறகு இடஞ்சுழியாகத் திருப்புங்கள், ராட் உள்ளே போகத் தொடங்கும் வரை. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே நட் எவ்வளவு சுழன்றதோ, அதில் சரிபாதியை மறுபடி வலஞ்சுழியாகத் திருப்பி நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே ராட் வெளியே நீண்டால் இதே வேலையை எதிர்த்திசையில் தொடங்குங்கள். நட்டைத் தேவைக்கு மேல் முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. அது தானாகப் பூட்டிக்கொள்ளும் வகை நட், ஒவ்வொரு திருப்பத்திலும் பிடி குறையும். எஞ்சினை நிறுத்தி மறுபடி இயக்குங்கள். ராட் அசையாமல் நின்றால் வால்வு சமநிலையில் இருக்கிறது. இப்போது ராடை ரப்பர் புஷ்களோடு பிராக்கெட்டில் பூட்டி, தூசு மூடியை மாட்டி, பால் ஸ்டட்டுக்குக் கிரீஸ் கொடுங்கள். கிரீஸை அளவோடு நிறுத்த வேண்டும். பூட் புடைக்கும் வரை அழுத்தினால் அதன் விளிம்பு விலகிவிடும். காட்டர் பின் போடும் நட்களில் துளை நேராக வராவிட்டால் அந்த நட்டை முன்னோக்கி இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

மீதமிருப்பது காற்றை வெளியேற்றுவது. முன்சக்கரங்கள் தரையில் படாமல் இருக்க, எஞ்சின் நின்ற நிலையில், ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்பி, எண்ணெய் குறையக் குறைய ஊற்றுங்கள். மட்டம் இறங்காமல் நின்ற பிறகே எஞ்சினை இயக்கி அதையே திரும்பச் செய்யுங்கள். எந்தக் கோடியிலும் ஐந்து வினாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். பம்ப் அப்போது தன் உச்ச அழுத்தத்தில் நின்று எண்ணெயைச் சுட வைக்கும். தொட்டியில் பால் போன்ற நுரை தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கும் வரை விட்டுவிட்டு மறுபடி தொடருங்கள். முதல் ஐம்பது மைல் ஓட்டியதும் எல்லா இணைப்புகளையும் துடைத்துப் பார்த்து, மட்டத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

சீரமைத்த வால்வுகளும் சிலிண்டர்களும் கடைகளில் கிடைக்கும்போது இவ்வளவு மெனக்கெடுவதன் அவசியம் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். பழையதைக் கொடுத்துவிட்டு அவற்றை வாங்கும்போது, காரோடு பிறந்த வார்ப்பு கைவிட்டுப் போய்விடுகிறது. 1974இல் தொடங்கிய தேசியக் கார்வெட் மீட்டமைப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகள், கார்கள் ஆலையிலிருந்து வந்த நிலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பார்த்து மதிப்பிடுகின்றன. அந்த மதிப்பீட்டைப் பொருட்படுத்தாதவருக்கும் ஒரு காரணம் உண்டு: கடையில் வாங்கும் பாகத்தின் ஸ்பூலையும் ராடையும் யார் எவ்வளவு அக்கறையோடு பார்த்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. உங்கள் மேசையில் நீங்களே நகத்தை ஓட்டிப் பார்த்த ராடின் நிலை உங்களுக்குத் தெரியும். ஆகவே முதலில் கழுவிப் பவுடர் தூவிக் கசியும் பாகத்தை உறுதிசெய்யுங்கள்; பிறகு அந்த ஒரு பாகத்துக்கான கிட்டை மட்டும் வாங்குங்கள். மூன்றும் கசிகின்றன என்று தெரிந்தால் வால்விலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அதைக் கழற்றும்போது சிலிண்டரின் ஹோஸ்களும் எப்படியும் கழன்றுவிடுகின்றன.